சி ஷிஃப்ட் முடிஞ்சு பைக்ல வீட்டுக்குப் போறவங்களுக்கு நோட்டீஸ்ல என்ன எழுதறது?

லைன் இன்சார்ஜ், ஓசூர்
சிப்காட்ல சி ஷிஃப்ட், ராத்திரி 10 டு காலை 6. கம்பெனி பஸ் டவுனுக்குள்ள மட்டும்தான். சூளகிரி, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் ஆளுங்க 14 பேர் பைக்லதான் போறாங்க. "தூக்கம் வந்தால் முகம் கழுவவும், டீ குடிக்கவும்"னு ஒரு பழைய நோட்டீஸ் கேட்ல ஒட்டியிருக்கு. அதை மாத்தி எழுதணும். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். நிஜமா வேலைக்கு ஆகறதை மட்டும் சொல்லுங்க.

ஆலை நர்ஸ், தர்மபுரி
முகம் கழுவறதை முதல்ல அடிச்சிடுங்க சார். தண்ணி, எதிர்க்காத்து, பாட்டு, பாக்கு எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். அப்புறம் வர்ற தூக்கம் சொல்லாம வரும். தூக்கத்துக்கு மாத்து தூக்கம் மட்டும்தான்.

6 மணிக்கு பஞ்ச் அடிச்சதும் திக்கான காபி ஒண்ணு குடிச்சிட்டு, உடனே ரெஸ்ட் ரூம்ல சாஞ்சுக்கணும். போன்ல 20 நிமிஷம் அலாரம். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி ஆகும், அதனால முழிக்கறப்போ ரெண்டும் சேர்ந்து கை கொடுக்கும். அரை மணிக்கு மேல தூங்க விட்டா ஆழ்ந்த தூக்கத்துல இறங்கிடும், எழுந்ததும் மந்தமா இருக்கும். எழுந்த உடனே கிக்கர் உதைக்கக் கூடாது, 10 நிமிஷம் நடக்கட்டும். பாதி காபி இறங்கவே அஞ்சு மணி நேரம் ஆகும், பகல் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால வீடு பக்கத்துல இருக்கறவருக்கு காபி வேண்டாம், தூக்கம் மட்டும் போதும்.

இன்னொண்ணு, சளி மாத்திரை. செட்டிரிசின், குளோர்ஃபெனிரமைன் இருக்கறதைப் போட்டுக்கிட்டு ஷிஃப்டுக்கு வந்தவர் காலைல வண்டி ஓட்டவே கூடாது. எந்நேரமும் பலமா குறட்டை விட்டு, எட்டு மணி நேரம் தூங்கியும் சோர்வா இருக்கறவரை டாக்டர்கிட்ட அனுப்புங்க. தூக்கத்துல மூச்சு அடைபடற கோளாறா இருக்கலாம்.

என்ஹெச் 44 பயணி
ரோட்டுப் பக்கத்தை நான் சொல்றேன். கண் திறந்தபடியே மூளை ரெண்டு மூணு செகண்ட் அணைஞ்சு போகும். 72 கிலோமீட்டர் வேகத்துல போனா செகண்டுக்கு 20 மீட்டர். நாலு செகண்ட் அசந்தா 80 மீட்டர் வண்டி தானா ஓடியிருக்கும். இந்த விபத்துல பெரும்பாலும் பிரேக் பிடிச்ச தடமே இருக்காது. ஓரத்துல லைட் இல்லாம நிக்கற லாரியோட பின்பக்கம்தான் பெரிய ஆபத்து.

மார்கழி, தையில இன்னொரு வில்லங்கம். ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி ரோடு தென்கிழக்கால போகுது, அப்போ சூரியன் உதிக்கறதும் அந்தப் பக்கம்தான். ஏழு மணி வெயில் நேரா முகத்துல அடிக்கும், கண்ணைச் சுருக்கிக்கிட்டே ஓட்டினா சுருக்கின கண்ணு அப்படியே மூடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியோட (வைசர்) மேல் ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கு கறுப்பு டேப் ஒட்டினா நல்லா மறைக்கும்.

ஓரம் கட்டறதுன்னா பெட்ரோல் பங்க், இல்ல ஆள் நடமாட்டம் உள்ள டீக்கடை. ரோட்டை ஒட்டின ஓரப்பட்டையில (ஷோல்டர்) நிக்கவே கூடாது. சானமாவு காட்டுப் பக்கம் பனிக்காலத்துல யானை கடக்கும், அங்க வண்டியை நிறுத்திட்டுத் தூங்கறது சுத்தமா ஆகாது. கடந்து வந்த ஊர் ஞாபகத்துல இல்லைன்னா, வேகம் தானா ஏறி இறங்கினா, ஹெல்மெட் கனமா கழுத்து இழுத்தா, அடுத்த பங்க்லயே நிறுத்தணும். வீடு இன்னும் பத்து கிலோமீட்டர்தானேன்னு விரட்டறதுதான் வினை.

லைன் இன்சார்ஜ், ஓசூர்
நன்றி. திங்கட்கிழமை ராத்திரி ஷிஃப்ட்லதான் எல்லாரும் ரொம்ப தள்ளாடறாங்க, ஏன்?

ஆலை நர்ஸ், தர்மபுரி
ஞாயித்துக்கிழமை வழக்கம் போல ராத்திரி தூங்கி, திங்கள் காலைல ஏழுக்கு எழுந்தவர் செவ்வாய் காலை 6-க்கு 23 மணி நேரம் முழிச்சிருக்கார். 17 மணி நேரத்துலயே ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மி.கி. ஆல்கஹால் இருக்கறவர் அளவுக்கு நிதானம் குறைஞ்சிடும். நம்ம சட்டத்துல வரம்பே 30 மி.கி. திங்கள் மத்தியானம் ஒன்றரை மணி நேரம் கட்டாயம் தூங்கிட்டு வரச் சொல்லுங்க. ஷிஃப்ட் மாத்தறதும் ஏ, பி, சி (காலை, மதியம், ராத்திரி) வரிசையில போகட்டும், தலைகீழா வேண்டாம். சி முடிஞ்சு ஓவர்டைம் போட்டு பத்து மணி வரைக்கும் அந்த 14 பேரை இருக்க வைக்க வேண்டாம்.

சங்கத்துக்காரர்
ஒரு விஷயம் விட்டுப் போச்சு. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விதிகள்ல 2010-ல வந்த மாற்றத்துல இருந்தே, வேலைக்குப் போற வர்ற வழியில நடக்கற விபத்தையும், நேரமும் இடமும் வேலையோட பொருந்தினா, வேலை விபத்தா எடுத்துக்கலாம். பஞ்ச் அவுட் நேரம், வழக்கமான வழி, ரெண்டும் ரெக்கார்டுல இருக்கணும். அதனால ரெஸ்ட் ரூம்ல தூங்கற 20 நிமிஷத்துக்கும் ஒரு ரிஜிஸ்டர் வெச்சு கையெழுத்து வாங்கிடுங்க, இல்லைன்னா "6 மணிக்கு கிளம்பினவர் ஏன் 7-க்கு சூளகிரி தாண்டல?"ன்னு கேள்வி வரும். நோட்டீஸ்ல கீழ 108 (ஆம்புலன்ஸ்), 1033 (தேசிய நெடுஞ்சாலை உதவி) ரெண்டு நம்பரும் பெரிசா போடுங்க.