விசிடியாக மாற்றிய பிறகு பழைய வீடியோ கேசட்டை எறிந்துவிடலாமா?

முத்தியால்பேட்டைவாசி (கேள்வி):

வணக்கம். 1991இல் நடந்த என் பெற்றோரின் திருமண விஎச்எஸ் கேசட்டும், பாரீஸிலிருந்து பெரியப்பா தொண்ணூறுகளில் அனுப்பிய சில கேசட்டுகளும் எங்கள் வீட்டில் உள்ளன. திருமணப் பதிவை முன்பே விசிடியாக மாற்றிவிட்டதால் கேசட்டை எறிந்துவிடலாம் என்கிறார் அப்பா. பெரியப்பா அனுப்பியவை எந்த டெக்கில் (கேசட் ஓட்டும் இயந்திரத்தில்) போட்டாலும் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தன. நாடா கெட்டுவிட்டதா?

மஞ்சக்குப்பத்தான்:

தயவுசெய்து எறியாதீர்கள். கடலூரில் திருமண வீடியோ எடிட்டிங் செய்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விசிடி எடுத்ததும் கேசட்டைத் தூக்கிப் போட்ட குடும்பங்கள்தான் இன்று அதிகம் வருந்துகின்றன. நம் நாட்டு ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 அரைப்படங்கள் (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்டவை) நாடாவில் பதிவாகின்றன. விசிடியோ 352க்கு 288 புள்ளிகள் கொண்ட 25 படங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, எஞ்சியதை விட்டுவிடுகிறது. வைத்துக்கொண்டதையும் மிகவும் சுருக்குகிறது. அதனால்தான் மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரக்காரரின் விரல்கள் அசையும்போது படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. வீட்டில் எழுதிய வட்டுகளின் சாயப்பூச்சும் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக்கூடியது. ஆக, உங்களிடம் உள்ளவற்றில் மூலத்துக்கு மிக நெருக்கமானது அந்தக் கேசட்தான்.

ஆனால் அதை உடனே டெக்கில் போட வேண்டாம். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிப்பது சகஜம். முன்மூடியைத் திறந்து பார்த்தாலோ, கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தாலோ நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரியும். அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதியில்) பூஞ்சை ஒட்டிக்கொண்டு, அடுத்து ஓடும் கேசட்டுக்கும் பரவும். முதுகுப்புறத்திலுள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்படாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது.

நெல்லித்தோப்பு:

பெரியப்பாவின் கேசட்டுகள் பெரும்பாலும் கெட்டிருக்காது. பிரான்சில் அக்காலத்தில் செகாம் என்ற ஒளிபரப்பு முறை இருந்தது. அதிலும் பாலிலும் 625 வரிகளும் நொடிக்கு 25 படங்களும் ஒன்றுதான் என்பதால் படம் தெரிகிறது. வண்ணத்தைக் குறித்து வைக்கும் விதம் வேறு என்பதால் நிறம் மட்டும் வருவதில்லை. உறவினர் பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய குழப்பம். டெக்கில் 'மெசெகாம்' (செகாம் நிறத்தை நாடாவில் வேறு விதமாகப் பதியும் முறை) என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால் போதாது. பிரெஞ்சு செகாமைப் படிக்கும் டெக்கே வேண்டும். அங்கிருந்து வரும் யாரையாவது ஒன்று கொண்டுவரச் சொல்வது, இங்கே தேடி அலைவதைவிட எளிது.

கடலூர் முதுநகர்:

ஒரே ஒரு சேர்க்கை. விஎச்எஸ் 1976இல் ஜேவிசி நிறுவனம் கொண்டுவந்த முறை. அதற்கு ஓராண்டு முன்னரே வந்த சோனியின் பீட்டாமேக்ஸைப் பின்னுக்குத் தள்ளியது. ஆனால் விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பவை எல்லாம் பழைய இயந்திரங்களே. அவற்றின் ஹெட் தேய்ந்துகொண்டும் ரப்பர் பட்டைகள் தளர்ந்துகொண்டும் இருக்கின்றன. நாடா பொறுத்திருந்தாலும் டெக் பொறுத்திருக்காது. ஆகவே மாற்றும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். கடையில் கொடுக்கும்போது, நொடிக்கு 50 அரைப்படங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதிகம் சுருக்காத கோப்பாகத் தரச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் அனுப்பத் தோதான சிறிய கோப்பை அதிலிருந்து பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.