வேண்டுமென்றே அபத்தமாகச் செய்யப்பட்ட வீடியோ கேம்கள்: விளையாடத் தக்கவையா?

மஞ்சக்குப்பம் வாசகர்:

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் இவ்விடத்தில் அன்பர் ஒருவர், கல்லூரியில் சேரவிருக்கும் தன் தம்பிக்கு முதல் கேமாக ‘கோட் சிமுலேட்டர்’ வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தார். பலரும் தயங்காமல் வாங்கித் தரச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த கேமை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவீடனைச் சேர்ந்த காஃபி ஸ்டெயின் ஸ்டூடியோஸ் அதை 2014 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினத்தையே தேர்ந்தெடுத்து வெளியிட்டது. நாம் ஓர் ஆடாக ஊருக்குள் ஓடலாம், மனிதர்களை முட்டித் தள்ளலாம், கையில் கிடைத்ததை உடைக்கலாம், நாக்கைப் பொருள்களில் ஒட்டி இழுத்துக்கொண்டு திரியலாம். இவற்றுக்கெல்லாம் புள்ளிகள் கிடைக்கும். ஆடு சாவதில்லை, தோற்பதில்லை, முடிக்க வேண்டிய கதையும் இல்லை. கேமையே முடக்கிவிடும் பிழைகளை மட்டும் திருத்திவிட்டு, சிரிப்பு வரவழைக்கும் மற்ற பிழைகளை அப்படியே விட்டுவைத்ததாக நிறுவனமே அறிவித்தது.

பணத்தைவிட மனிதருடைய கவனத்தைப் பற்றியே நான் கவலைப்படுகிறேன். ‘ஓர் ஆடு ஊரைக் கலைக்கிறது’ என்னும் வேடிக்கை இரண்டு நிமிட முன்னோட்டக் காட்சியிலேயே முழுமையாக விளங்கிவிடுகிறது. அதன்பின் நாம் விளையாடும் ஒவ்வொரு மணி நேரமும், ஏற்கெனவே கேட்டுவிட்ட நகைச்சுவைத் துணுக்கை மறுபடி மறுபடி கேட்பதாகவே முடிகிறது. கேலி கேம்களுக்குக் கிடைக்கும் வரவேற்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் 2024இல் பார்த்துவிட்டோம். திரையில் ஒரு வாழைப்பழப் படம், அதைச் சொடுக்கினால் ஏறும் எண்ணிக்கை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாத ‘பனானா’ என்னும் கேம், கேம்களை விற்கும் ஸ்டீம் என்னும் இணையத்தளத்தில் ஒரே நேரத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் திறந்துவைக்கப்பட்டிருந்தது. அது அவ்வப்போது உதிர்க்கும் வாழைப்பழப் படங்களை ஸ்டீம் சந்தையில் விற்கலாம் என்பதே அக்கூட்டத்துக்கு முதன்மையான காரணம். வேடிக்கையாகத் தொடங்கியது சில்லறை வணிகமாக முடிந்துவிட்டது.

லாஸ்பேட்டை நிரலாளர்:

வணக்கம் ஐயா. ‘பனானா’வுக்காக நான் வாதாடப் போவதில்லை, அதில் விளையாடுவதற்கு எதுவுமே இல்லை என்பதால் அதை இந்த விவாதத்திலிருந்து விலக்கிவிடலாம். முன்னோட்டத்திலேயே வேடிக்கை தீர்ந்துவிடுகிறது என்ற உங்கள் கருத்தைத்தான் மறுக்க விரும்புகிறேன், ஏனெனில் பார்ப்பவருக்குக் கிடைக்கும் சிரிப்பும் செய்பவருக்குக் கிடைக்கும் சிரிப்பும் ஒன்றல்ல.

பென்னட் ஃபாடி 2008இல் வெளியிட்ட ‘கியூவாப்’ என்னும் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டப்பந்தய வீரர் 100 மீட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதான். விசைப்பலகையில் கியூ, டபிள்யூ ஆகிய இரண்டும் அவருடைய தொடைகளை அசைக்கும். ஓ, பி ஆகிய இரண்டும் கெண்டைக்கால்களை அசைக்கும். முதன்முதலாக விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் ஓரடி வைப்பதற்குள் தலைகுப்புற விழுவார்கள். பக்கத்திலிருந்து பார்ப்பவர் அத்துடன் சிரித்துவிட்டுப் போய்விடலாம். விளையாடுகிறவருக்கோ, தான் எந்த விசையை எந்தக் கணத்தில் விட்டதால் முழங்கால் மடங்கியது என்பது மெல்ல மெல்லப் புரியத் தொடங்குகிறது. நினைவு தெரிந்த நாள் முதல் எண்ணாமலே செய்துவந்த நடையை, தசை தசையாகப் பிரித்து மறுபடி கற்றுக்கொள்ளும் அனுபவம் அது. அந்நாளில் ஃபாடி மெய்யியல் ஆய்வாளராக இருந்தவர் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

‘சர்ஜன் சிமுலேட்டர்’ கேமும் இவ்வகையே. லண்டனின் போஸா ஸ்டூடியோஸைச் சேர்ந்தவர்கள் 2013 ஜனவரியில், குறுகிய நேரத்தில் கேம் செய்து காட்டும் குளோபல் கேம் ஜாம் நிகழ்வின் 48 மணி நேரத்துக்குள் அதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். அறுவை மருத்துவரின் கையிலுள்ள ஐந்து விரல்களுக்கும் தனித்தனி விசைகள் உண்டு. கையை நகர்த்துவதற்கு மவுஸ். இதயமாற்று அறுவையின் நடுவே கைக்கடிகாரம் கழன்று நோயாளியின் மார்புக்குள் விழும்போது எழும் சிரிப்பு, அதை விழவைத்தது நம் கைதான் என்பதிலிருந்து பிறக்கிறது. இதை எந்த முன்னோட்டத்தாலும் தர இயலாது.

‘கோட் சிமுலேட்டர்’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பிழையை விட்டுவைப்பது, எதைத் திருத்துவது என்று தேர்ந்தெடுப்பது சோம்பேறித்தனமன்று. எது சிரிப்புத் தரும், எது எரிச்சலூட்டும் என்று தெரிந்தவர்களால்தான் அதைச் செய்ய முடியும். அதே நிறுவனம் பிறகு ‘சாட்டிஸ்ஃபேக்டரி’ என்னும் தொழிற்சாலை கட்டும் கேமை உருவாக்கி, 2019 முதல் முன்னணுகல் பதிப்பாக, அதாவது முழுமை பெறும் முன்பே விளையாடத் தரும் பதிப்பாக, மக்களிடம் கொடுத்து, குறைகளைக் கேட்டுக் கேட்டு ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டு, 2024இல்தான் முழுப் பதிப்பை வெளியிட்டது. ஆட்டைச் செய்ததால் அவர்களின் தொழில் நேர்த்தி கெட்டுப்போகவில்லை.

நம் கூத்தில் கட்டியங்காரன் செய்வதை இங்கே நினைத்துப் பாருங்கள். அரசன் வரும் முன்பே களத்துக்கு வந்து, அவன் பெருமையையே கேலி செய்துவிட்டுத்தான் அவனை உள்ளே அழைக்கிறான். அவனைத் தேவையற்றவன் என்று நம்மில் யார் சொல்வோம்?

மஞ்சக்குப்பம் வாசகர்:

கூத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாயிற்று. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். கட்டியங்காரனின் கேலிக்குச் சுவை எங்கிருந்து வருகிறது? துரியோதனன் யார், அவன் எவ்வளவு பெரியவன், விடிவதற்குள் அவனுக்கு என்ன நேரப்போகிறது என்பதெல்லாம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் வருகிறது. கட்டியங்காரன் மட்டும் தனியாக ஆடும் கூத்துக்கு யாரும் இரவெல்லாம் கண்விழிக்க மாட்டார்கள். ‘கோட் சிமுலேட்டர்’ அரசனே வராத கூத்து. அதிலும், இதற்குமுன் ஒரு கேமையும் விளையாடியிராத பையனுக்கு, உண்மையான வேலைகளை அப்படியே செய்துபார்க்க வைக்கும் சிமுலேட்டர் கேம்கள் எவ்வளவு கண்டிப்பான முறையில் செய்யப்படுகின்றன என்பதும் தெரியாது, பிழை என்றால் என்ன என்பதும் தெரியாது; ஆகவே எதைக் கேலி செய்கிறார்கள் என்பதும் அவனுக்கு எட்டாது.

திருப்பாதிரிப்புலியூர் தமிழாசிரியர்:

இருவருக்கும் வணக்கம். பள்ளியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், விடுபட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்தும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. அந்த நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. எல்லாச் சிரிப்பையும் ஒரே சிரிப்பாக எண்ணிப் பேசுவதால்தான் நம் விவாதம் நகராமல் நிற்கிறது என்று கருதுகிறேன்.

எள்ளலை மட்டுமே நம்பிச் செய்யப்பட்ட கேம்கள் உண்டு. இயன் போகோஸ்ட் 2010இல் செய்த ‘கவ் கிளிக்கர்’ அதற்குத் தெளிவான சான்று. அக்காலத்தில் ஃபேஸ்புக்கில் பரவியிருந்த பண்ணை கேம்களைக் கண்டிக்கும் நோக்கத்தோடு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பசுவைச் சொடுக்கலாம் என்பதைத் தவிர வேறெதையும் அவர் அதில் வைக்கவில்லை. ஆயினும் பல்லாயிரக்கணக்கானோர் அதை மெய்யாகவே விரும்பிச் சொடுக்கத் தொடங்கியதால், 2011இல் பசுக்களை மறையச் செய்து அவரே அதை முடித்துவைக்க வேண்டியதாயிற்று. சிந்திக்க வேண்டிய நிகழ்ச்சிதான். ஆனால் அந்த கேமைப் பற்றிப் படித்தாலே போதும், விளையாடத் தேவையில்லை.

நிரலாளர் எடுத்துக்காட்டிய ஓட்ட வீரரும் அறுவை மருத்துவரும் பேதைமையின் பாற்பட்டவர்கள். அங்கே நாம் நகைப்பது நம் கையின் அறியாமையைக் கண்டு; அந்த அறியாமை சிறிது சிறிதாகக் குறைகிறது என்பதால் மறுபடியும் ஆட ஒரு காரணம் கிடைக்கிறது. ஆட்டைப் பொறுத்தவரை நான் வாசகர் பக்கமே நிற்பேன். நம் தவறு எதுவும் அங்கே தவறாகக் கொள்ளப்படுவதில்லை. எதைச் செய்தாலும் புள்ளி கிடைக்குமானால் கற்றுக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

பாகூர் அன்பர்:

ஆசிரியர் ஐயா, எள்ளலுக்காக மட்டும் செய்த கேமை விளையாடத் தேவையில்லை என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க மேடைக் கலைஞர்களான பென், டெல்லர் இருவரின் பெயரில், 1995 வாக்கில் சேகா சிடி என்னும் கேம் கருவிக்காக உருவாகிக் கடைசிவரை விற்பனைக்கு வராமலே போன தொகுப்பில் ‘டெசர்ட் பஸ்’ என்ற சிறு கேம் ஒன்று இருந்தது. டூசான் நகரிலிருந்து லாஸ் வேகாஸ் வரை, மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாத பேருந்தை, உண்மையான எட்டு மணி நேரமும் நாமே ஓட்ட வேண்டும். நிறுத்தி வைக்க இயலாது. பேருந்து வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே போகுமாதலால் கையை எடுக்கவும் வழியில்லை. போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி. வீடியோ கேம்களில் வன்முறை மிகுந்துவிட்டது என்று அந்நாளில் எழுந்த கூக்குரலுக்கு, வன்முறையே இல்லாத இந்தச் சலிப்பு விடையாக அமைந்தது.

இதைவிட வறண்ட எள்ளல் வேறு இருக்க முடியாது. ஆனால் கனடாவைச் சேர்ந்த ஒரு நகைச்சுவைக் குழுவினர் 2007 முதல் ஆண்டுதோறும் அதே பேருந்தை மாற்றி மாற்றி ஓட்டி, நேரலையில் காட்டி, மருத்துவமனையிலுள்ள குழந்தைகளுக்கு உதவும் அறநிதிக்காகப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியிருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து அந்த எட்டு மணி நேரத்தைத் தாங்கி விளையாடியதால்தான் அது கைகூடியது.

மஞ்சக்குப்பம் வாசகர்:

அந்தக் குழுவினரின் தொண்டை மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் அது அவர்களின் நற்குணத்துக்குச் சான்றேயன்றி அந்த கேமின் தரத்துக்குச் சான்றாகாது.

லாஸ்பேட்டை நிரலாளர்:

ஆசிரியர் வகுத்துக் காட்டியதை ஏற்கிறேன். ஆட்டை மட்டும் அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். தோல்வி இல்லாத இடத்தில் கற்பதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், கடற்கரை மணலில் விளையாடும் குழந்தை எதையுமே கற்பதில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். இதை முட்டினால் என்ன ஆகும், அதை அங்கே இழுத்துப்போனால் என்ன ஆகும் என்று நாமாகவே கேள்வி எழுப்பி விடை தேடுவதுதான் அங்கே ஆட்டம். தேடுகிறவருக்குப் பலன் கிடைக்கும்படி, அந்தச் சிற்றூருக்குள் பல மறைபொருள்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே, மனிதர்களை இழுத்துப்போய் ஒரு மந்திர வட்டத்துக்குள் போட்டால் ஆடு புதிய ஆற்றல் பெறுகிறது. இதை ஒருவர் தாமாகக் கண்டுபிடிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி இளமையின் பாற்பட்டது என்று ஆசிரியர் ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

வாசகர் ஐயாவின் வாதத்தில் மிகவும் வலுவானது, கேலி செய்யப்படுவதை அறியாதவருக்குக் கேலி விளங்காது என்பதே. அதற்கு என் விடை, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலுள்ள ஹவுஸ் ஹவுஸ் குழுவினர் 2019 செப்டம்பரில் வெளியிட்ட ‘அன்டைட்டில்டு கூஸ் கேம்’. அமைதியான ஆங்கிலேயச் சிற்றூரில் நாம் ஒரு பொல்லாத வாத்து. தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும், கடைக்காரரை அலைக்கழிக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் வாத்து கத்தும், அவர் திடுக்கிட்டுத் திரும்புவார். நம் குறும்புக்கு ஏற்றபடி பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் பியானோ இசை நின்று நின்று எழும். இதை ரசிக்க வேறெந்த கேமையும் அறிந்திருக்கத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக் கொல்லையில் மாங்காய் பறித்த நினைவு இருந்தால் போதும். ஆனால் உள்ளே இருப்பது, யார் எதைப் பார்க்கிறார், எப்போது திரும்புவார் என்று கணித்துச் செயல்பட வேண்டிய, கட்டுக்கோப்பான ஒளிந்தாடும் கேம். 2020இல், கேம் துறையினர் வழங்கும் டைஸ் விருதுகளில் ஆண்டின் சிறந்த கேம் என்ற விருது அதற்குக் கிடைத்தது.

மஞ்சக்குப்பம் வாசகர்:

வாத்தை நானும் விளையாடியிருக்கிறேன், அதை மறுக்கப் போவதில்லை. அங்கே அந்தச் சிற்றூரின் ஒழுங்குதான் அரசன். வாத்து அதைக் குலைக்க வேண்டுமானால் முதலில் அந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆட்டுக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்பதே இன்றும் என் குறை.

கேள்வி கேட்ட அன்பருக்கு என் ஆலோசனை இதுவே. ‘கியூவாப்’ இணைய உலாவியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. தம்பியை முதலில் அதில் ஓடவிடுங்கள். விழுந்தபின் மறுபடி எழுந்து ஓட விரும்புகிறாரா என்று பார்த்து, விரும்பினால் வாத்தை வாங்கிக் கொடுங்கள்.

லாஸ்பேட்டை நிரலாளர்:

இந்த வரிசைக்கு நானும் சம்மதிக்கிறேன். ஆட்டையும் பார்க்க வேண்டும் என்று தம்பி கேட்டால் மறுக்க வேண்டாம். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வேடிக்கை தீர்ந்துவிட்டதா என்பதை அந்த நேரத்துக்குள் அவரே முடிவு செய்துகொள்வார்.