மறு: யார்ன் வெயிட் - 'நூல் எடை' வேண்டாம், 'நூற்கனம்' வைக்கலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பின்னல் சொற்பட்டியலில் 'யார்ன் வெயிட்' என்பதற்கு 'நூல் எடை' என்று போட்டிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடல்.

பின்னக் கற்றுக்கொண்ட புதிதில் அக்கா மகனுக்குக் குல்லாய் போட உட்கார்ந்தேன். அமெரிக்கக் குறிப்பு ஒன்று கிடைத்தது: பல்கி வெயிட் (நல்ல தடித்த) நூல் 100 கிராம், 10-ஆம் எண் ஊசி, 56 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்). 'வெயிட்' என்றால் எடைதானே என்று கடையில் இருந்த, அதைவிட மெல்லிய, டிகே என்ற சாதாரண நூலில் 100 கிராம் வாங்கினேன். 10 நம்பர் ஊசி கேட்டேன், கொடுத்தார்கள். அமெரிக்காவில் 10 என்றால் 6 மி.மீ.; நம் கடைகளில் புழங்கும் பழைய பிரிட்டிஷ் எண்ணில் 10 என்றால் 3.25 மி.மீ. 40 செ.மீ. சுற்றளவு வரவேண்டிய குல்லாய் 22 செ.மீ.தான் வந்தது. ஒரு வார வேலையை அப்படியே பிரித்தேன்.

'நூல் எடை' என்று தமிழில் படிக்கும் அடுத்தவரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார். 'யார்ன் வெயிட்' உண்மையில் சொல்வது நூல் எவ்வளவு பருமன் என்பதை. ஒரே பருமனில் பருத்தி நூலும் அக்ரிலிக் நூலும் 100 கிராம் வாங்கிப் பாருங்கள்; பருத்தி நீளம் குறைவாகத்தான் இருக்கும், அது அடர்ந்த இழை. எடையைப் பார்த்து வாங்கினால் பாதிச் சட்டையில் நூல் தீர்ந்துவிடும்.

> திருப்பூரில் எல்லாரும் கவுண்ட் என்கிறோம். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஆலை நூலுக்குச் சரி. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை என்பதுதான் கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். கைப்பின்னல் நூலின் பருமனைக் காட்டும் 0 முதல் 7 வரையான வரிசை நேர் எதிர்த்திசை: 0 இழைபோல் மெல்லியது, 7 விரல்போல் தடித்தது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

> 'புரி' நல்ல சொல். நாற்புரி, எண்புரி என்று சொல்லலாமே.

ஐயா, முப்புரி நூல் என்று நாம் ஏற்கெனவே சொல்வதால் எனக்கும் இந்தச் சொல் மிகவும் பிடிக்கிறது. ஆனால் அதை 'ப்ளை' (சேர்த்து முறுக்கிய இழைகளில் ஒன்று) என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் டிகே நூலை 8 ப்ளை என்பார்கள். பிரித்துப் பார்த்தால் பல நேரம் 4 புரிதான் இருக்கும். ஒற்றைப் புரியிலேயே தடித்த நூலும் உண்டு. 'எண்புரி' என்று எழுதினால் வாசகர் எண்ணிப் பார்ப்பார், கணக்கு உதைக்கும்.

என் பரிந்துரை 'நூற்கனம்'. தச்சரிடம் போனால் 'முக்கால் அங்குல கனத்தில் பலகை' என்போம். 'கனமான துணி' என்றாலும் கையில் முதலில் தட்டுவது அதன் தடிப்பு. ஆங்கிலச் சொல் எடையிலிருந்து பருமனுக்குப் போன அதே வழியில் நம் 'கனம்' முன்பே போய்விட்டது. நூற்கண்டு, நூற்பு என்று புழங்கும் வாய்க்கு நூற்கனமும் வரும். கணிதத்தில் கனம் வேறு பொருள் தரும் என்பது தெரியும். குல்லாய்க் குறிப்பில் அந்த மயக்கம் வராது. கிராம் கணக்குக்கு 'உருண்டை எடை' என்று தனிப் பதிவு போட்டுவிடலாம்.

எழுதிப் பார்த்தேன்: "நூற்கனம் 4, உருண்டை எடை 100 கிராம், நீளம் 200 மீட்டர்." உறையில் உள்ளதை அப்படியே படிக்க முடிகிறது.

அப்புறம், 'டென்ஷன்' என்பதற்கு 'இழுவிசை' என்று இருப்பதையும் எடுக்க வேண்டும். அமெரிக்கர்கள் 'கேஜ்' என்பதைத்தான் பிரிட்டனில் அப்படிச் சொல்கிறார்கள். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி விழுகிறது என்பதுதான் விஷயம். 'கேஜ்' என்றே எழுதவும் முடியாது, பின்னல் இயந்திரத்தில் அது ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. 'கண்ணிக்கணக்கு' போதும் என்று நினைக்கிறேன். நூற்கனம் 4 என்றால், 4.5 முதல் 5.5 மி.மீ. ஊசியில், கண்ணிக்கணக்கு 16 முதல் 20 வரை. ஆனாலும் ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. அதனால் மாதிரித் துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து, பிறகு எண்ண வேண்டும். பருத்தி துவைத்தபின் தொய்யும், அதை நான் இரண்டு சட்டைக்குப் பிறகுதான் கற்றேன்.

ஊசிக்கு 'ஊசி எண்' என்ற பதிவே வேண்டாம், 'ஊசி விட்டம்' என்று வைத்து மி.மீ.யில் மட்டும் கொடுப்போம். பிரிட்டிஷ் எண் கூடினால் ஊசி மெலிகிறது, அமெரிக்க எண் கூடினால் தடிக்கிறது. அந்த 10 நம்பர் செய்த வேலையைத்தான் மேலே சொன்னேனே.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் பலகைக்குக் 'கனம்' சொல்வதுண்டா, 'தடிப்பு'தான் வழக்கமா? தடிப்பு என்றால் 'நூல் தடிப்பு' என்பதையும் அதே பதிவில் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்