குமிழி வேண்டாம், மீனும் திணறக் கூடாது: வழி இருக்கா?

அம்பத்தூரான்:
வணக்கம். மூன்றடி மீன்தொட்டி, அகலம் ஒன்றேகால் அடி, உயரம் ஒன்றரை. மணல், கல் போக 130 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீன்கள்: நியான் டெட்ரா 20, சின்ன ஏஞ்சல் 4, கோரி 6. செடிகள்: முன்னால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பின்னால் அடர்த்தியாக வாலிஸ்நேரியா, நடுவில் ஒரு பெரிய மரக்கட்டை.

பத்து நாள் முன்பு வரை ஏர் பம்ப் ஓடியது. நீல டியூப், நட்டநடுவில் கல், அதிலிருந்து சளசளவென்று குமிழி. இவ்வளவு மெனக்கெட்டு செடி வைத்தும் ஓட்டல் வாசல் தொட்டி மாதிரிதான் இருந்தது. சத்தம் வேறு, அம்மா ஹாலில்தான் படுப்பார். கழற்றிவிட்டேன். இப்போது உள்ளே வைக்கிற பவர் ஃபில்டர் (மோட்டாரால் தண்ணீரை இழுத்து வடிகட்டுவது) மட்டும்தான்.

விடிகாலை ஐந்தரைக்குப் பார்த்தால் நியான் எல்லாம் மேலே ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. விளக்கு போட்டு இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகின்றன. கோரியும் அவ்வப்போது மேலே பாய்கிறது. பம்பைத் திரும்ப மாட்டாமல் வழி இருக்கா?

குளத்துமீன்:
பொடித்துளைக் கல்லாகப் போடுங்க, குமிழி பொடியாக வரும். அழகு பார்த்தா மீன் செத்துடும் தம்பி.

செடித்தொட்டி அக்கா:
கொஞ்சம் பொறுங்க. தம்பி, நாலு கேள்வி. ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற வாய் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கு? தொட்டி மேலே கண்ணாடி மூடி முழுசா மூடியிருக்கா? விளக்கை அணைத்துவிட்டுச் சாய்வாகப் பார்த்தால் தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஆடை தெரியுதா? தண்ணீர் எத்தனை டிகிரி?

அம்பத்தூரான்:
அக்கா, வாய் நாலு விரல் ஆழத்தில் இருக்கு. சத்தம் வராமல் இருக்க நான்தான் இறக்கினேன். மூடி முழுசா மூடியிருக்கு, ஏஞ்சல் குதிக்குமோன்னு பயம். ஆடை இருக்கு! விரலால் தொட்டால் கோடு விழுது. மதியம் 32 டிகிரி.

செடித்தொட்டி அக்கா:
அப்போ சிக்கல் பிடிபட்டாச்சு. குமிழிக்குள் இருக்கிற காற்று தண்ணீரில் கரைவது கொஞ்சம்தான். ஒன்றரை அடி ஏற அதுக்கு ஓரிரு நொடிதான் ஆகும். குமிழி செய்கிற பெரிய வேலை, அடித்தண்ணீரை மேலே இழுத்து வந்து மேல்மட்டத்தைக் கலக்குவது. காற்று தண்ணீருக்குள் நுழைவது முக்கியமா அந்த மேல்மட்டம் வழியாத்தான். நீங்க கழற்றினது அந்தக் கலக்கலை. ஃபில்டரையும் இறக்கிட்டதால் மேலே தண்ணீர் அசையாம நின்னு ஆடை கட்டிடுச்சு.

வெயிலும் சேர்ந்துக்கிட்டது. 25 டிகிரியில் முடிஞ்ச மட்டும் கரைஞ்சாலும் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜன் தங்கும். 32-ல் அது 7.3 கிட்ட வந்துடும். அதே சூட்டில் மீனுக்குத் தேவை கூடுது. ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கும், கொடுக்காது. அதனால்தான் விடியறப்ப திணறுது, விளக்கு போட்டதும் தெளியுது.

செய்ய வேண்டியது: ஃபில்டரை மேலே ஏத்துங்க. வாய் தண்ணீருக்குச் சற்றே கீழே இருக்கட்டும், லேசா மேல்நோக்கித் திருப்புங்க. தண்ணீர் கொட்டக் கூடாது, நெளியணும். கொட்டினாத்தான் சத்தம். தண்ணீர் ஆவியாகி இறங்கினா மறுபடி சத்தம் வரும், வாரம் இரண்டு தடவை ஊத்தி நிரப்பிடுங்க. ஆடையை எடுக்க ஃபில்டரை நிறுத்திட்டு டிஷ்யூ தாளை மேலே விரிச்சு, ஓரத்தைப் பிடிச்சு இழுங்க, ஒட்டிக்கிட்டு வந்துடும். மூடியைப் பின்பக்கம் இரண்டு விரல் திறந்து வைங்க, அங்கே வலைத்துணி போட்டா ஏஞ்சல் குதிக்காது.

கோரி மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துட்டு சட்டுன்னு இறங்குவது அதோட பழக்கம், குடலாலும் மூச்சு விடும் மீன் அது. நிமிஷத்துக்கு நிமிஷம் போனாத்தான் கவலை. நியான் மேலேயே நிற்பதுதான் எச்சரிக்கை.

ராஃபில்டர்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. உள்ளே வைக்கிற ஃபில்டர் பலதிலும் வாயில் ஒரு மெல்லிய குழாய் செருகி, மறுமுனையை வெளியே விட்டிருப்பாங்க. தண்ணீர் வேகத்தில் அதுவே காற்றை உறிஞ்சும், தனி பம்ப் வேண்டாம். அந்தக் குழாயில் இருக்கிற திருகு முழுசா மூடியிருந்தா கால்வாசி திறந்து பாருங்க. அதிகம் திறந்தா குமிழி தொல்லை மறுபடி வரும்.

மீன் கழிவால் சேருகிற அமோனியா, நைட்ரைட் எவ்வளவுன்னு சோதனை கிட் வைத்தும் ஒரு தரம் பாருங்க. அதுவும் மீனைத் திணற வைக்கும், ஆனா பகல் ராத்திரின்னு பார்க்காது.

குளத்துமீன்:
சரி அக்கா, ஒத்துக்கிறேன். ஆனா மின்சாரம் போனா ஃபில்டரும் நின்னுடுமே? சென்னை மே மாசம்.

செடித்தொட்டி அக்கா:
அதுக்காகத்தான் ஏர் பம்பைத் தூக்கிப் போடாதீங்கன்னு சொல்லுவேன். கருப்பு சிலிகான் டியூப் வாங்கி, மூலையில் வாலிஸ்நேரியாவுக்குப் பின்னால் இறக்குங்க. கல்லை மரக்கட்டைக்குப் பின்னால், பாதி ஆழத்தில் தொங்கவிட்டால் போதும், முழு ஆழம் தேவையில்லை. பம்புக்கு அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு வைத்தால் அதிர்வு குறையும். பேட்டரியில் ஓடுற வகை கிடைக்குது, அதில் சிலது மின்சாரம் போனா தானா ஓடும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் ஒருவழி வால்வு கட்டாயம், இல்லாட்டி நின்னதும் தண்ணீர் பின்னால் ஓடி பம்புக்குள் போயிடும், அப்புறம் தரையிலும்தான். எதுவும் இல்லாதப்ப குவளையில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊத்துங்க, பாட்டி காலத்து வழி.

அம்பத்தூரான்:
மூணு நாளாச்சு அக்கா. ஃபில்டரை ஏற்றி, ஆடையை இரண்டு தாளில் எடுத்தேன், திரும்பப் படியவில்லை. ராஃபில்டர் அண்ணா சொன்ன திருகு மூடித்தான் இருந்தது. நேற்றும் இன்றும் ஐந்தரைக்குப் பார்த்தேன், நியான் நடுத்தண்ணீரில்தான் நிற்குது. தண்ணீர் நெளிவதால் விளக்கின் நிழல் மணலில் ஆடுது, முன்பு குமிழி இருந்தப்போ இது தெரியவே இல்லை. சத்தம் வருதான்னு அம்மாவிடம் கேட்டேன், "ஃபில்டர் ஓடுதா, நின்னுடுச்சா"ன்னு என்னையே திருப்பிக் கேட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும். வால்வில் அம்புக்குறி இருக்கு, எந்தப் பக்கம் வைக்கணும்?

ராஃபில்டர்:
தொட்டியைப் பார்த்து. மாட்டும் முன் வாயில் வைத்து ஊதிப் பாருங்க தம்பி, ஒரு பக்கம்தான் காற்று போகும்.