சாவின்யோன் பிளாங், ஷார்டனே தாண்டி எந்த வெள்ளை ஒயின்?

அரைக்கோப்பை கேட்டது:
எப்போதும் நியூசிலாந்து சாவின்யோன் பிளாங்தான் வாங்குவது. அந்தப் புளிப்பு பிடிக்கும். கொய்யா, குடைமிளகாய் வாசம் அலுத்துவிட்டது. ஓக் பீப்பாய் வாசம் தூக்கலான ஷார்டனேயும் ஒத்துவரவில்லை. இனிப்பு வேண்டாம். தொட்டுக்கொள்ள மீன் வறுவல், இறால், சில நாள் புளி ஊற்றிய மீன் குழம்பு. எதில் தொடங்கலாம்? லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

உப்புக்காற்று:
புளிப்பு மட்டும் போதும் என்றால் முதலில் அல்பரீன்யோ. ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவிலிருந்து வருவது. லேபிளில் 'ரியாஸ் பைஷாஸ்' என்று பகுதிப் பெயர் இருக்கும். அட்லாண்டிக் ஓரம், மழை அதிகம், பூஞ்சைத் தொல்லை. அதனால் பல தோட்டங்களில் கருங்கல் தூண் நட்டுப் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றுகிறார்கள், அடியில் காற்று ஓடட்டும் என்று. எலுமிச்சையும் பீச்சும் கலந்த வாசம், விழுங்கிய பிறகு லேசாக ஒரு உப்புக்கரிப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் போர்ச்சுகலில் இதே திராட்சைக்கு அல்வாரின்யோ என்று பெயர். 'வின்யோ வெர்டே' என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் பல திராட்சைக் கலவை, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

பணம் குறைவாகச் செலவழிக்க பிரான்சின் மஸ்கடே. பெயரைப் பார்த்து வாசனைத் திராட்சையான மஸ்கட் என்று எடுத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு. 'சுர் லீ' என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுக்க விட்டு வைத்துப் பாட்டிலில் அடைத்தது என்று பொருள். அந்த வண்டல்தான் இதற்குக் கொஞ்சம் கனம் தருகிறது. அது இல்லாத மலிவு பாட்டில் வெறும் எலுமிச்சைத் தண்ணீர்.

வெள்ளைமிளகு:
குரூனர் வெல்ட்லீனரை விட்டுவிட்டீர்களே. ஆஸ்திரியாவில் அதிகம் பயிராகும் திராட்சையே இதுதான். மிளகுக்கு வாசம் தரும் ரோட்டண்டோன் இதிலும் உண்டு, வறுவலோடு நன்றாகச் சேரும். அங்குள்ள வாக்காவ் பகுதி பாட்டில் என்றால் ஆல்கஹால் அளவை வைத்து மூன்று தரம்: ஸ்டைன்ஃபெடர் 11.5% வரை, ஃபெடர்ஷ்பீல் 11.5 முதல் 12.5%, ஸ்மரக்ட் குறைந்தது 12.5%. உங்களுக்கு நடுவிலுள்ளது சரி. பக்கத்துப் பகுதிகளான காம்ப்டால், கிரெம்ஸ்டால் பாட்டில்களில் இந்தப் பெயர்கள் இருக்காது, ஆல்கஹால் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஜெர்மன் ரீஸ்லிங்கிலும் அந்த ஆல்கஹால் எண்தான் துப்பு. 7.5 முதல் 9% என்றால் சர்க்கரை முழுதும் நொதிக்காமல் மிச்சம் நிற்கிறது, இனிக்கும். 12%க்கு மேல், கூடவே 'ட்ரோக்கன்' (இனிப்பில்லாதது) என்றிருந்தால் இனிப்பு தெரியாது. 'காபினெட்' என்பது அறுவடையில் பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்வது. அதை வைத்து இனிப்பை முடிவுசெய்யக் கூடாது.

புளிக்கரைசல்:
மேலே சொன்னதெல்லாம் வறுவலுக்குச் சரி. புளிக்குழம்புக்கு மஸ்கடே நிற்காது. சாப்பாட்டின் புளிப்பு ஒயினைவிட அதிகமானால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அங்கே கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவிலிருந்து வரும் அசிர்டிகோ வேண்டும். எரிமலை மண், காற்றுக்குத் தப்ப கொடியைத் தரையிலேயே கூடை மாதிரி சுற்றி வளர்க்கிறார்கள். வெயிலில் நன்றாகப் பழுத்தும் புளிப்பு இறங்காத திராட்சை. ஆனால் விலை கூடுதல், ஆல்கஹாலும் 13.5, 14 என்று போகும்.

குழம்பு நல்ல காரம் என்றால் அந்த ஆல்கஹாலே தொந்தரவு. மிளகாயின் காப்சைசின் தூண்டும் அதே நரம்பு முனையை ஆல்கஹாலும் தூண்டும், எரிச்சல் கூடும். அன்றைக்கு மட்டும் இனிப்பு வேண்டாம் என்ற விதியைத் தளர்த்தி 8% காபினெட் ரீஸ்லிங் திறந்து பாருங்கள். அதில் புளிப்பும் தூக்கலாக இருப்பதால் திகட்டாது.

குளிர் விஷயம்: அல்பரீன்யோ, மஸ்கடே 8 முதல் 10 டிகிரி, அசிர்டிகோ, ஸ்மரக்ட் 10 முதல் 12. ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். எடுத்தவுடன் ஊற்றினால் வாசம் எழாது, இருபது நிமிடம் வெளியே வையுங்கள். அல்பரீன்யோவில் மூன்று வருடத்துக்கு மேல் பழைய சரக்கு வேண்டாம். நிறமில்லாத பாட்டில் கடை விளக்கடியில் நின்றிருந்தால் தொடவே தொடாதீர்கள். வெளிச்சம் பட்டு உண்டாகும் கந்தகச் சேர்மங்களால் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும்.

அரைக்கோப்பை:
நன்றி. ஃபெடர்ஷ்பீல் வாங்கினேன், சுவை பிடித்திருக்கிறது. கோப்பையில் பொடிக் குமிழி, பாட்டில் அடியில் கண்ணாடித்தூள் மாதிரி. கெட்டுவிட்டதா?

வெள்ளைமிளகு:
இல்லை. தூள் டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படியும். புளியில் இருப்பதும் அந்த அமிலம்தான். கடைசி வாயை ஊற்றாமல் விட்டால் போதும். குமிழி நொதித்தலில் மிஞ்சிய கரியமில வாயு. புத்துணர்ச்சிக்காகவே விட்டு வைப்பார்கள், கோப்பையைச் சுழற்றினால் போய்விடும். குமிழியோடு கலங்கலும் கெட்ட வாசமும் சேர்ந்தால் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்திருக்கலாம், அப்போது கடையில் திருப்பிக் கொடுங்கள். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும்.