செவலைக் கன்றுக்கு என்ன ஆயிற்று: தோப்புத்தெரு குழுவின் ஐந்து நாட்கள்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, தோப்புத்தெரு உறவினரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு

மாலை 6.42
சரஸ்வதி: தம்பி இராமசாமி, நம் செவலைக் கிடாரிக்கன்று நேற்றிலிருந்து தீவனத்தைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. தாழியில் முகத்தை வைக்கிறது, ஆனால் ஒரு மிடறுகூட உள்ளே இறங்குவதில்லை. மாங்கொட்டை ஏதேனும் தொண்டையில் அடைத்திருக்குமோ என்று எண்ணி, மதியம் வாயைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை.

மாலை 6.45
இராமசாமி: அக்கா, அது கத்தும் குரல் மாறியிருக்கிறதா? பின்னங்கால்களை ஊன்றி நிற்கிறதா? கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ஏதேனும் நாய் அதைக் கடித்ததா?

மாலை 6.51
சரஸ்வதி: குரல் கம்மி, அடித்தொண்டையிலிருந்து வருகிறது. எழுந்தால் பின்னங்கால் தள்ளாடுகிறது. தோப்புக்குள் புகுந்த கறுப்பு நாய் ஒன்று மூக்குத்தண்டின் பக்கத்தில் கவ்வியது உண்மைதான். நான் மஞ்சள் பற்றுப் போட்டேன், ஒரு வாரத்தில் காயம் ஆறிவிட்டது. அது நடந்து நாற்பது நாள் ஆகியிருக்கும்.

மாலை 6.53
இராமசாமி: அக்கா, இதைப் படித்தவுடன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, இரண்டு கைகளையும் விரலிடுக்கு, நகக்கண் உட்பட முழுமையாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மதியமே கழுவிவிட்டேன் என்று சொல்லாதீர்கள், மறுபடியும் கழுவுங்கள். தேவி, நீ அம்மாவின் கையைப் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று எனக்கு எழுது. கன்றின் அருகே வேறு யாரும் போக வேண்டாம்.

மாலை 7.02
தேவி: மாமா, அம்மா காலையில்தான் பன்னரிவாளால் சோளத்தட்டு அறுத்தார். வலது கையில் மூன்று புதுக் கீறல்கள் இருக்கின்றன, ஒன்றில் இரத்தம் கசிந்து காய்ந்திருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவின் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் பக்குக் கட்டியிருந்தது, அந்தப் பக்கை அவன் நேற்றுப் பிய்த்துவிட்டான். அந்த இடத்தைக் கன்று நக்கியதாக இப்போதுதான் சொல்கிறான்.

மாலை 7.04
இராமசாமி: அவனுக்கும் முழங்காலைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவு. பிறகு இருவரையும் இன்றிரவே தாலுகா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்கின் எச்சில் திறந்த காயத்தில் பட்டிருக்கிறது என்று இதே சொற்களில் சொல். கடிக்கவில்லையே என்று அங்கே யாரேனும் தயங்கினால் எனக்கு உடனே அழை. தோல் கிழியாத இடத்தில் நக்கினால் ஊசி தேவையில்லை. கிழிந்த தோலிலோ, கண், வாய் போன்ற ஈரப்பகுதியிலோ எச்சில் பட்டால் அது ஆழமான கடிக்குச் சமம். தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் கட்டாயம் போட வேண்டும்.

மாலை 7.09
முருகேசன்: மச்சான், நான் ஆனைமலையிலிருந்து எழுதுகிறேன். எச்சில் ஒழுகுவது காணை நோயாகவும் இருக்கலாம் அல்லவா? சென்ற ஆண்டு எங்கள் கட்டுத்தரையில் நான்கு மாடுகளுக்கு இப்படித்தான் ஒழுகியது, எல்லாம் பிழைத்துக்கொண்டன. அண்ணியையும் பிள்ளையையும் இரவில் அலைக்கழிக்க வேண்டுமா? காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் குழைத்துப் பூசுவது எங்கள் அப்பா காலத்து வழக்கம்.

மாலை 7.16
இராமசாமி: முருகேசா, கேட்டது நல்லதாயிற்று. இந்தக் குழப்பத்தால்தான் மாட்டின் வாய்க்குள் கையை விடும் விபத்து ஊருக்கு ஊர் நடக்கிறது. கோமாரி என்றும் காணை என்றும் நாம் சொல்வதும் வைரஸ் நோய்தான். ஆனால் அந்த வைரஸ் வாய்த்தோலையும் குளம்பிடுக்குத் தோலையும் பற்றுகிறது, அதனால் நாக்கிலும் குளம்பிலும் கொப்புளம் வந்து வெடிக்கும். காய்ச்சலோடு நான்கைந்து மாடுகளுக்கு ஒருசேர வரும். புண் எரிவதால் மாடு விழுங்க மறுக்கிறது. இந்தக் கன்றுக்கு நாக்கில் புண் இல்லை, இது மட்டும்தான் நோயுற்றிருக்கிறது, குரல் மாறியிருக்கிறது, கால் தள்ளாடுகிறது. விழுங்க வைக்கும் நரம்புகள் செயலிழந்ததால் எச்சில் வெளியே வழிகிறது. ஒழுகல் ஒன்றுதான், காரணம் வேறு.

மிளகாய்த்தூளைத் தயவுசெய்து யாரும் பூச வேண்டாம். அது காயத்தைப் புண்ணாக்கி, வைரஸ் உள்ளே இறங்க வழி திறந்துவிடும். முப்பது ஆண்டு கால்நடை மருத்துவர் வேலையில், அப்படிப் பூசி வீட்டிலேயே இருத்தப்பட்ட சிறுவன் ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனால் அவன் தொண்டை இழுத்துக்கொண்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் வருவதில்லை.

மாலை 7.20
முருகேசன்: மன்னித்துக்கொள்ளுங்கள் மச்சான். தேவி, தாமதிக்காமல் கிளம்பம்மா. செலவுக்கு நான் அனுப்புகிறேன்.

இரவு 9.05
நந்தினி: பெரியப்பா, அத்தையும் கவினும் வரிசையில் இருக்கிறார்கள், நான் துணைக்கு வந்திருக்கிறேன். கவினின் எடையைப் பார்த்து இம்யூனோகுளோபுலின் அளவைக் கணக்கிடுகிறார்கள். நாற்பது நாள் துள்ளி விளையாடிய கன்று ஒரே நாளில் எப்படி இப்படி ஆனது என்று அத்தை அழுகிறார். அவருக்குச் சொல்லும்படி எனக்கு விளக்குங்கள்.

இரவு 9.31
இராமசாமி: எழுதுகிறேன் கண்ணு, நிதானமாகப் படித்துச் சொல்.

வைரஸுக்கென்று சொந்தமாக அடுப்பும் இல்லை, அரிசியும் இல்லை. வெறிநோய் வைரஸ் துப்பாக்கிக் குண்டின் வடிவில், ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறாகப் போட்டால் ஒரு கூறுக்கும் சற்றுக் குறைந்த நீளத்தில் இருக்கும். அதன் உள்ளே ஒற்றை ஆர்.என்.ஏ. இழை இருக்கிறது. ஐந்து புரதங்களைச் செய்வதற்கான குறிப்பு மட்டும் அதில் உண்டு. இவ்வளவுதான் அதன் சொத்து. பெருக வேண்டுமானால் நம் உயிரணுவுக்குள் நுழைந்து, அங்குள்ள கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுக்க வைக்க வேண்டும். நுழைய வேண்டுமானால் அந்த உயிரணுவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் பிடிமானம் இருக்க வேண்டும். எந்த வைரஸ் எந்த விலங்கை, எந்த உறுப்பைத் தாக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பொருத்தம்தான் முடிவு செய்கிறது.

நாய் கடித்தபோது எச்சிலிலிருந்த வைரஸ் கன்றின் மூக்குத்தசையில் இறங்கியது. தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தில், நரம்பின் சைகையைத் தசை வாங்கிக்கொள்ளும் புரதத்தை அது பற்றியது. சில சமயம் அங்கேயே நாட்கணக்கில், வாரக்கணக்கில் தங்கும். பிறகு நரம்பிழைக்குள் புகுந்துவிடும். நரம்பிழைக்குள் நுனியிலிருந்து மூளைப் பக்கம் சுமை தூக்கிச் செல்லும் மூலக்கூறுகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டியில் இதுவும் தொற்றிக்கொண்டு, நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை மேலேறுகிறது. இரத்தத்தில் மிதந்தால் உடலின் காவல் அணுக்கள் கண்டுபிடித்திருக்கும். நரம்புக்குள் ஒளிந்து போவதால் அவை அறிவதே இல்லை. காய்ச்சல் கிடையாது, சோர்வு கிடையாது, கன்று துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அத்தையின் கவனக்குறைவு என்று இதில் எதுவும் இல்லை, அந்த நாற்பது நாளும் கன்றைப் பார்த்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மூளையை அடைந்தபின் அது பெருகி, அங்கிருந்து நரம்புகள் வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. விழுங்கும் திறன் போய்விடுவதால் எச்சில் வாயிலேயே தேங்குகிறது, அந்த எச்சிலில் வைரஸ் நிறைந்திருக்கிறது. நாயாக இருந்தால் மூளை கலங்கிக் கண்டதையெல்லாம் கடிக்கும். அடுத்த உடலுக்குப் போக இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன இருக்கிறது? இதில் இன்னொரு விந்தை உண்டு. இறந்த விலங்கின் மூளையை அறுத்துப் பார்த்தால் வெறுங்கண்ணுக்குப் பெரிய சேதம் எதுவும் தெரியாது. வீடு இடியாமல் நிற்கிறது, உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை என்பது போன்ற நிலை அது.

இரவு 9.38
நந்தினி: அப்படியானால் மூளைக்குப் போய்ச் சேரும் வரை நமக்கு அவகாசம் இருக்கிறது என்பதுதானே பொருள்?

இரவு 9.44
இராமசாமி: அதேதான். தொற்று ஏற்பட்ட பிறகு தடுப்பூசி போட்டும் காப்பாற்ற முடிவது இந்த அவகாசத்தால்தான். 1885ஆம் ஆண்டு ஜூலையில் லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்குத் துணிந்து ஊசி போட்டதும் இதை நம்பித்தான். மனிதருக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்தே அறிகுறி தெரியும், ஆனால் ஒரே வாரத்தில் வந்ததும் உண்டு. முகம், கழுத்து, விரல் நுனி ஆகிய இடங்களில் கடிபட்டால் ஆபத்து அதிகம். தடுப்பூசி நம் உடலில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்க ஏழு முதல் பதினான்கு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் காயத்திலேயே வைரஸை மடக்குவதற்காக, வெளியில் தயாரான எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துகிறார்கள். அதுதான் இம்யூனோகுளோபுலின். அதனால் அத்தைக்குக் கையில் ஊசி ஏறும்போது வலிக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல். அறிகுறி தொடங்கிய பின் பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

இரவு 9.50
சரஸ்வதி: தம்பி, நான் பொறுத்துக்கொள்வேன், கவின்தான் பயப்படுகிறான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இரவு 9.53
இராமசாமி: அது நம் இளமைக்கால ஊசி அக்கா. ஆட்டு மூளையிலிருந்து செய்தார்கள். நம் நாட்டில் அதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ஆய்வகத்தில் உயிரணுக்களை வளர்த்துச் செய்த தடுப்பூசியைத் தோலுக்குள் சிறிதளவே போடுகிறார்கள். இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை போனால் போதும். கவினிடம், குன்னூர் மலையில் 1907இல் இருந்தே இந்த நோய்க்கென்று ஒரு பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது, விடுமுறையில் தாத்தா உன்னை அந்த வழியாக அழைத்துப் போவேன் என்று சொல்லுங்கள்.

இரவு 10.40
தேவி: இருவருக்கும் ஊசி போட்டாயிற்று. கவின் அழவில்லை. மாமா, வீட்டில் இருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையையும் கொடுக்கலாமா?

இரவு 10.42
இராமசாமி: மருத்துவர் எழுதித் தராமல் கொடுக்காதே. அந்த மாத்திரைகள் பாக்டீரியாவின் சுவரையும் அதன் உள் இயந்திரத்தையும் முடக்குபவை. வைரஸுக்கு அவை இரண்டுமே கிடையாது.

திங்கள்

காலை 6.15
செல்வி: டாக்டர் ஐயா, வணக்கம். நான் சொசைட்டிக்குப் பால் சேர்ப்பவள் என்பதால் கேட்கிறேன். கன்று தாய்ப்பசுவிடம் ஊட்டியிருக்கிறது. அந்தப் பசுவின் பாலை நேற்றுக் காலைவரை தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் குடித்திருக்கிறோம். எல்லோரும் ஊசி போட வேண்டுமா?

காலை 6.34
இராமசாமி: காய்ச்சிக் குடித்திருந்தால் பயம் வேண்டாம் செல்வி. இந்த வைரஸின் மேல் கொழுப்பால் ஆன மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கும். தான் புகுந்து கெடுத்த உயிரணுவின் படலத்தைக் கிழித்துப் போர்த்திக்கொண்டே அது வெளியே வருகிறது. அந்த உறை போனால் உயிரணுவைப் பற்றும் வழி அதற்கு இல்லை. கொதிக்கும் பாலில் அது தாங்காது. சோப்பிலும் கரைந்துவிடும், எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எடுப்பதுபோலத்தான். பதினைந்து நிமிடம் கழுவுங்கள் என்று நான் நேற்று அத்தனை கண்டிப்பாகச் சொன்னதற்கு இதுதான் காரணம். பச்சைப்பால் குடித்தவர் யாரேனும் இருந்தால் எனக்குத் தனியே சொல்லட்டும். தாய்ப்பசு நன்றாக இருக்கிறது, ஆனாலும் மடியில் கன்றின் எச்சில் பட்டிருப்பதால் அதற்கும் இன்று முதல் ஊசி போடுகிறோம். இப்போதைக்குச் சொசைட்டிக்கு அந்தப் பாலை ஊற்ற வேண்டாம்.

காலை 6.50
நந்தினி: பெரியப்பா, கோழிக்கோட்டில் 2018இல் வந்த நிபாவும் இதே வழியில்தான் மூளைக்குப் போனதா?

காலை 7.08
இராமசாமி: இல்லை. நிபா பற்றும் பிடிமானம் இரத்தக்குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் இருக்கிறது, அதனால் அது இரத்தவழியாகப் பரவி நுரையீரலையும் மூளையையும் தாக்கும். அது பழந்தின்னி வௌவாலிடம் இருப்பது, ஆனால் வௌவாலுக்கு நோய் தருவதில்லை. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. பழகாத நம் உடலுக்குள் வரும்போதுதான் உயிரை எடுக்கிறது. அவ்வாண்டு கோழிக்கோடு, மலப்புறம் பகுதியில் 17 பேர் இறந்தார்கள், அவர்களில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் ஒருவர். 2014இல் குட்டநாட்டு வாத்துகளுக்கு வந்த பறவைக் காய்ச்சலோ, பறவையின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறைப் பற்றுவது. மனிதரின் மேல் மூச்சுப்பாதையில் அந்த வகை குறைவு, எனவே நமக்கு அவ்வளவு எளிதாகத் தொற்றுவதில்லை. ஆனால் வெறிநோய் பற்றும் புரதம் நாய், மாடு, ஆடு, பூனை, மனிதர் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. பாலூட்டிகள் அனைத்துக்கும் வரும் நோய் இது.

செவ்வாய்

காலை 5.58
சரஸ்வதி: விடியற்காலையில் கன்று போய்விட்டது. தாய்ப்பசு கட்டுத்தரையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறது.

காலை 6.03
இராமசாமி: அக்கா, நான் வருகிறேன். யாரும் தொட வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மூளை மாதிரியை நாங்களே எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். பிறகு ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கலாம். சுண்ணாம்பு பயன்படும் இடம் அதுதான் முருகேசா.

வியாழன்

மாலை 4.20
இராமசாமி: ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனையில் வெறிநோய் உறுதியாகிவிட்டது. மலையாளத்தில் எழுதிய அறிக்கையில் பேவிஷபாதை என்று இருக்கிறது, பார்த்துத் திகைக்க வேண்டாம், அது இதே நோய்தான். அக்காவும் கவினும் நேற்று மூன்றாம் நாள் ஊசியைப் போட்டுவிட்டார்கள். இப்போது எனக்குத் தெரிய வேண்டியது அந்தக் கறுப்பு நாயைப் பற்றித்தான். அது அன்று வேறு யாரை, எதைக் கடித்தது? பயப்படாமல், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மாலை 4.46
செல்வி: ஐயா, அதே நாளில் எங்கள் வெள்ளாட்டின் காதைக் கவ்வியது. சிறிய கீறல்தானே என்று விட்டுவிட்டோம். ஆடு இன்றைக்கும் நன்றாகத் தழை தின்கிறது. என் சிறிய மகள் அதன் பக்கத்திலேயேதான் விளையாடுகிறாள்.

மாலை 4.48
இராமசாமி: ஆட்டைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் தனியே கட்டுங்கள், தழையை எட்ட நின்று போடுங்கள். பிள்ளையின் கைகால்களில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்.