அமெரிக்காவில் உளவியலின் ஒரு பிரிவைச் 'சிறப்புத் துறை' என்று ஏற்பது யார்?

நிலவன்_மதுரை கேட்டது:

வணக்கம். என் அக்கா மகள் அமெரிக்காவில் மருத்துவ உளவியல் முனைவர் படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறாள். அடுத்து, மூளையின் செயல்பாட்டுக்கும் சிந்தனை, நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் நரம்பு உளவியலுக்குப் போக விரும்புகிறாள். அதற்குப் பட்டம் பெற்ற பின்னும் இரண்டு ஆண்டுப் பயிற்சி உண்டு, அதன் பிறகு வாரியத் தேர்வு உண்டு என்கிறாள். ஆனால் மாநிலம் தரும் உரிமத்தில் 'உளவியலாளர்' என்று மட்டுமே இருக்குமாம். அப்படியானால் நரம்பு உளவியல் ஒரு தனிச் சிறப்புத் துறை என்று முடிவு செய்தது அரசா, பல்கலைக்கழகங்களா, அல்லது தொழில் சங்கமா? உறக்க உளவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, விளையாட்டு உளவியல் இல்லை என்றும் படித்தேன். எந்த அளவுகோலை வைத்து இப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கயல்_எஸ் எழுதியது:

உங்கள் அக்கா மகள் சொன்னது சரிதான். மூன்று தனித்தனி ஏற்பாடுகள் ஒரே பேச்சில் கலந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. உரிமம் தருவது மாநிலம்; பெரும்பாலான மாநிலங்களில் அது பொதுவான உளவியலாளர் உரிமமாகவே இருக்கிறது. தனி ஒருவரின் சிறப்புத் தேர்ச்சியைச் சோதித்துச் சான்று தருவது அமெரிக்கத் தொழில்முறை உளவியல் வாரியம். 1947இல் மூன்று துறைகளோடு தொடங்கப்பட்ட இது அரசு அமைப்பு அன்று. ஒரு துறையையே சிறப்புத் துறையாக ஏற்கும் அதிகாரம் அமெரிக்க உளவியல் சங்கத்திடம் இருக்கிறது. அச்சங்கத்தின் பிரதிநிதிகள் அவை இதற்கெனவே ஓர் ஆணையத்தை 1995இல் அமைத்தது.

அதற்கு முன்பு மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல், தொழில் மற்றும் நிறுவன உளவியல் ஆகிய நான்கும் வழக்கத்தினாலேயே சிறப்புத் துறைகளாகக் கருதப்பட்டு வந்தன. 1981இல் சங்கம் வெளியிட்ட சேவை நெறிமுறைகளும் இந்த நான்குக்கே எழுதப்பட்டன. ஐந்தாவதாக ஒரு துறை உரிமை கோரினால் அதை யார், எப்படி ஆராய்வது என்பதற்கு அப்போது நிலையான வழிமுறை இல்லை.

இப்போது துறையைச் சேர்ந்த அமைப்புகள் விரிவான மனு ஒன்றை அளிக்க வேண்டும். மக்களுக்கு இச்சேவை தேவைப்படுகிறது என்பதையும், ஏற்கெனவே உள்ள துறைகளிலிருந்து இது எவ்வகையில் வேறுபடுகிறது என்பதையும், இதற்கே உரிய அறிவியல் அடிப்படையையும், அளிக்கும் சேவை பயன் தருகிறது என்பதற்கான ஆய்வுகளையும், பயிற்சி முடித்தவரின் திறனை மதிப்பிடும் முறையையும் மனுவில் காட்ட வேண்டும். வெவ்வேறு இடங்களில் நடந்துகொண்டிருக்கும் நான்கு முன்மாதிரிப் பயிற்சித் திட்டங்களைப் பெயர் குறிப்பிட்டுக் காட்டுவதும் இதில் அடங்கும். மனு பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்ட பின் ஆணையம் பரிந்துரைக்கும், பிரதிநிதிகள் அவை முடிவெடுக்கும். கிடைத்த அங்கீகாரமும் நிரந்தரமானதன்று. வழக்கமாக 7 ஆண்டுகளில் மறுஆய்வுக்கு வந்துவிடும்.

இதில் ஆய்வுச் சான்று திரட்டுவதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. நல்ல ஆய்வுக்கூடங்கள் சில இருந்தால் கட்டுரைகள் தாமாகவே சேர்ந்துவிடும். ஒன்றோடொன்று போட்டியிடும் அமைப்புகள் ஒரே பயிற்சி முறைக்கு உடன்படுவதுதான் அரிது. நரம்பு உளவியலே இதற்கு நல்ல சான்று. புதிய ஆணையத்தின் வழியே 1996இல் முதலில் அங்கீகாரம் பெற்றது அத்துறைதான். ஆனால் பன்னாட்டு நரம்பு உளவியல் சங்கம் 1967இலேயே தோன்றிவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கத்துக்குள் 40ஆவது பிரிவாக அத்துறை இடம்பெற்றது 1980இல். அதற்கென்று தேர்வு வாரியம் வந்தது 1981இல். நரம்பு உளவியலாளர் யார் என்பதற்கு அந்த 40ஆவது பிரிவு வரையறை வெளியிட்டது 1989இல். அதாவது சங்கமும் வாரியமும் வரையறையும் முன்பே நிலைபெற்றிருந்தன. ஆணையம் கடைசியில் முத்திரை இட்டது என்றே சொல்ல வேண்டும்.

அங்கீகாரத்துக்கு அடுத்த ஆண்டு, 1997இல், ஹூஸ்டனில் கூடிய மாநாடு பயிற்சியின் படிகளை வகுத்தது. முனைவர் பட்டம், இன்டர்ன்ஷிப், அதன் பின் இரண்டு ஆண்டு முழுநேரச் சிறப்புப் பயிற்சி என்பது அங்கே முடிவானது. உங்கள் அக்கா மகள் குறிப்பிடும் இரண்டு ஆண்டு அதுதான். தொடர்கல்விப் பயிலரங்குகளை மட்டும் முடித்துவிட்டு வேறு துறையிலிருந்து நரம்பு உளவியலுக்கு மாற முடியாது என்பதையும் அந்த மாநாட்டு அறிக்கை தெளிவுபடுத்தியது. அதற்கு முன் அப்படி மாறியவர்கள் இருந்ததனால்தான் இதை எழுத வேண்டியிருந்தது என்பது என் ஊகம்.

விளையாட்டு உளவியல் முற்றிலும் விடுபட்டுவிடவில்லை. சிறப்புத் துறைக்குக் கீழே 'தேர்ச்சிப் பகுதி' என்ற இன்னொரு நிலையையும் சங்கம் வைத்தது. குறிப்பிட்ட ஒரு சிக்கல், செயல்முறை அல்லது மக்கள் பிரிவைச் சார்ந்து, பொதுப் பயிற்சியின் மேல் கூடுதலாகப் பெறும் திறனுக்கு அந்த நிலை. விளையாட்டு உளவியல் 2003இல் அவ்வாறு ஏற்கப்பட்டது. உறக்க உளவியல் 2013இல் சிறப்புத் துறையாகவே ஏற்கப்பட்டது. பிரிட்டனில் 'விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி உளவியலாளர்' என்பது சட்டப் பாதுகாப்புப் பெற்ற பட்டப்பெயர். 2009 முதல் பதிவு செய்யாத எவரும் அங்கே அதைப் பயன்படுத்த முடியாது. ஒரே அறிவுத் துறைக்கு இரண்டு நாடுகளில் இவ்வளவு வேறுபட்ட இடம்.

அரங்கன்_ஆர் எழுதியது:

கயல் அம்மையார் தந்த விளக்கத்தோடு உடன்படுகிறேன். அமைப்புகளின் உடன்பாடு முதன்மையானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் வெளியிலிருந்து வந்த ஓர் உந்துதலால் வளர்ந்த துறையும் உண்டு. சட்டம், நீதிமன்றம் சார்ந்த தடயவியல் உளவியலுக்கு வழி திறந்தது ஒரு நீதிமன்றம். 1962இல் ஜென்கின்ஸ் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவப் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனநோய் பற்றிய உளவியலாளரின் சாட்சியத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனி வாரியம் 1978இல் வந்தது. சங்கத்தின் அங்கீகாரமோ 2001இல்தான் கிடைத்தது. இடையில் இழுபறியாக இருந்த கேள்வி எல்லை பற்றியது. நேரில் கண்ட சாட்சியின் நினைவாற்றலையும் நடுவர் குழுவின் முடிவுகளையும் ஆராயும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதில் அடங்குவார்களா, அல்லது குற்றவாளிகளை மதிப்பீடு செய்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் தொழில்முறை உளவியலாளர்கள் மட்டுமா என்று வாதிட்டார்கள். முடிவில் தொழில் செய்வோரை மட்டும் உள்ளடக்கும் குறுகிய வரையறையே மனுவுக்குப் போனது. அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. எல்லை தெளிவாக இல்லாத துறைக்குப் பயிற்சித் தரம் வகுக்க இயலாது.

வாரியத் தேர்வு பற்றி ஒரு குறிப்பு. நரம்பு உளவியலுக்கு எழுத்துத் தேர்வு முடிந்த பின், தேர்வர் தாம் கையாண்ட நோயாளிகளின் அறிக்கைகளை, அடையாளங்களை நீக்கி, மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதன் பின் வாய்மொழித் தேர்வு. அதில் ஒரு பகுதியில் தேர்வு நடத்துபவர் ஒரு நோயாளியைப் பற்றி ஓரிரு வரிகள் மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். நோய் வரலாறு, குடும்பச் சூழல், சோதனை மதிப்பெண்கள் ஆகிய அனைத்தையும் தேர்வர் கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்காத தகவல் கிடைக்காது. எந்தச் சோதனையை எதற்காகக் கேட்கிறார் என்பதிலேயே அவருடைய பயிற்சி வெளிப்பட்டுவிடும்.

'வாரியச் சான்று பெற்றவர்' என்று யாரேனும் சொன்னால், எந்த வாரியம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்கத் தொழில்முறை உளவியல் வாரியத்தின் குடைக்குள் வராத இன்னொரு நரம்பு உளவியல் வாரியம் 1982 முதலே தனியாக இயங்குகிறது.

நிலவன்_மதுரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. அவள் பிற்காலத்தில் இந்தியா திரும்பினால் இந்தச் சான்றுக்கு இங்கே சட்டப்படி மதிப்பு உண்டா?

கயல்_எஸ் எழுதியது:

மருத்துவமனைகள் அதை மதிக்கலாம். சட்டம் பார்ப்பது வேறு. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தில் மருத்துவ உளவியலாளர் என்ற வகை இருக்கிறது. நரம்பு உளவியலாளர் என்ற தனி வகை இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளரை வரையறுக்கும்போது, அம்மன்றம் ஏற்ற தகுதியையோ, மேற்பார்வையோடு கூடிய இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பையோதான் சுட்டுகிறது. ஆகவே அவர் முதலில் கேட்க வேண்டியது தம் முனைவர் பட்டத்தை மறுவாழ்வு மன்றம் ஏற்குமா என்பதைத்தான். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய (போஸ்ட்டாக்) பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன்பே மன்றத்துக்கு எழுதிக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.